சுமங்கலிக் கணக்கு

காவிரிக் கரை வீடுகளில் துணி காயப்போடுவதற்கென்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேட்டியும் புடவையும் ஊர் பார்க்க முற்றத்துக் கொடியில் பறக்கலாம். பெண்களின் உள்ளாடை மட்டும் கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். அங்கேயும் மேலே ஒரு துண்டையோ பாவாடையையோ போட்டு மூடிவிடுவார்கள். வெயிலே படாமல் அது எப்படிக் காயும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற சமாசாரமா அது?

கண்ணில் படக்கூடாத துணி. அதனாலோ என்னவோ, அதைத் தைத்தது யார் என்கிற கேள்வியும் நம் கண்ணில் பட்டதில்லை.

சுவாமிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நடராஜர் வேண்டுமென்றால் நேராகப் பட்டறைக்கே போகலாம். ஸ்தபதி மெழுகில் உரு பிடிப்பார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுவார். காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த இடத்தில் பஞ்சலோகம் போய் உட்காரும். செய்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரலாம். யார் கை செய்தது என்பதும் சேர்த்துத்தான் விலை. ஊர்ப் பெயரிலேயே புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு ஜட்டிக்கோ பிராவுக்கோ இந்த பாக்கியம் கிடையாது. பருத்தி ஓர் ஊரில் விளையும். நூல் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் ஓடும். துணி திருப்பூரில் பின்னப்பட்டு, சாயம் ஏறி, வெட்டி, தைத்து, மடித்து, கப்பலேறி ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் தொங்கும். நடுவே எத்தனையோ கைகள். லேபிளில் இருப்பது பிராண்டின் பெயர் மட்டும்.

அந்தக் கைகளில் பல, இதே டெல்டாவிலிருந்து போனவை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் திருப்பூர்.

1925 வாக்கில் அங்கே முதல் பனியன் கம்பெனி வந்ததாகச் சொல்வார்கள். அரை நூற்றாண்டுக்கு எல்லாம் உள்ளூர் சரக்குதான். வெள்ளை பனியன், வெள்ளை ஜட்டி. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தொழிற்சங்கம் பலமாக இருந்தது. 1984ல் பஞ்சப்படி கேட்டு ஒரு வேலை நிறுத்தம் நடந்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. 127 நாள்! திருப்பூர் சரித்திரத்தையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துவிடலாம்.

தொழிலாளர்கள் பஞ்சப்படி வாங்கினார்கள். முதலாளிகள் வேறொன்றைக் கற்றுக்கொண்டார்கள். ஒரே கூரைக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஆண்களை வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். எனவே வேலை துண்டு துண்டாக வெளியே போனது. இந்தச் சந்தில் கட்டிங், அந்தச் சந்தில் ஸ்டிச்சிங், அடுத்த தெருவில் செக்கிங். நடுவே காண்டிராக்டர். பீஸ் ரேட். கூடவே, மெஷினுக்கு முன்னால் மெல்ல மெல்லப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கூட்டம் கூடமாட்டார்கள், கொடி பிடிக்கமாட்டார்கள் என்பது ஒரு நம்பிக்கை.

இதே காலத்தில் வெளிநாடும் கதவைத் தட்டியது. 1978ல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981ல் ஐரோப்பாவின் பெரிய கடைக்காரர்களான ‘சி அண்ட் ஏ’ வந்தார்கள். 1985ல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 1990ல் சுமார் 300 கோடி. ஐந்தே வருஷத்தில் இருபது மடங்கு. இன்றைக்குப் பேச்சே 40 ஆயிரம் கோடியை ஒட்டித்தான்.

இப்படி ஓடுகிற ஊருக்கு நூல் வேண்டாமா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் என்று சுற்றிலும் மில்கள் இரவு பகலாக ஓடின. ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும். சம்பளம் குறைவாக இருக்க வேண்டும். பாதியில் ஓடிவிடக் கூடாது. சங்கமும் கூடாது. இந்த நான்கு நிபந்தனைக்கும் பொருந்துகிற ஆள் எங்கே கிடைப்பார்?

1980களின் கடைசியில் யாரோ ஒரு மகானுபாவர் விடை கண்டுபிடித்தார். கல்யாணமாகாத பெண்!

திட்டத்துக்கு வைத்த பெயர்தான் உச்சம். சுமங்கலித் திட்டம். சில மில்களில் மாங்கல்யத் திட்டம். வேறு சிலவற்றில் திருமகள் திருமணத் திட்டம். எத்தனை மங்களகரம் பாருங்கள்! மூன்று வருஷம் மில்லில் வேலை. அங்கேயே ஹாஸ்டல், அங்கேயே சாப்பாடு. மூன்று வருஷம் முடிந்ததும் மொத்தமாக முப்பதாயிரமோ, நாற்பதாயிரமோ, ஐம்பதாயிரமோ. அதை வைத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்துவிடலாம். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்தக் குற்றத்துக்குத் தவணை முறையில் பணம் சேர்க்கத்தான் இந்தத் திட்டம்.

தென் மாவட்டங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை. நெல் விளைகிற பூமியிலிருந்து ஏன் நூல் மில்லுக்குப் பெண் போக வேண்டும்?

ஜூன் 12 என்றால் டெல்டாக்காரருக்கு மேட்டூர் திறக்கும் நாள். 2002, 2003 வறட்சியில் அந்தக் கணக்கு பொய்த்தது. பின்னால் 2012லிருந்து 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் ஜூன் 12ல் அணை திறக்கவில்லை. தண்ணீர் வராவிட்டால் குறுவை இல்லை. குறுவை இல்லாவிட்டால் நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. நிலம் வைத்திருப்பவர் கடன் வாங்கிச் சமாளிப்பார். நடவுக் கூலியை நம்பியிருக்கிற நிலமற்ற குடும்பம் என்ன செய்யும்? அறுவடைக்கும் மெஷின் வந்துவிட்ட காலம் வேறு. அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் வீடு தேடி வருவார். பெரும்பாலும் தெரிந்தவராக, சொந்தக்காரராகவே இருப்பார். ‘பொண்ணு பத்திரமா இருக்கும், வெளியவே விடமாட்டாங்க’ என்பார். பெற்றவர்களுக்கு அது உத்தரவாதமாகக் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு அதுவே பூட்டு.

இப்போது கொஞ்சம் காமர்ஸ் பாஷையில் பேசலாமா?

முப்பதாயிரத்தை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 833 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால், நாளொன்றுக்கு 32 ரூபாய். அதாவது அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் சம்பாதித்து, ஆனால் கையில் வாங்காத கூலி 32 ரூபாய். கம்பெனி இதற்கு வைத்த பெயர் ஊக்கத்தொகை. கணக்குப் புத்தகத்தின் நியாயப்படி இது கம்பெனி திருப்பித் தரவேண்டிய கடன். வட்டியில்லாக் கடன்! ஆயிரம் பெண்கள் இருந்தால் மூன்று வருஷக் கடைசியில் மூன்று கோடி ரூபாய் மில்லின் கையில் புரளும். எந்த பேங்க் தரும் இப்படி?

இன்னொரு சங்கதியும் உண்டு. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்விட்டால்? பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இருமி இருமி, இரண்டரை வருஷத்தில் வெளியேறிவிட்டால்? பல இடங்களில் மொத்தமும் போச்சு. கடன் கொடுத்தவர் நோயாளியானால் கடன் தள்ளுபடி என்கிற விசித்திரமான வியாபாரம் இது. மூன்று வருஷமும் அவர் பெயருக்கு முன்னால் ‘பயிற்சியாளர்’ என்று போட்டு வைப்பார்கள். பயிற்சியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது என்பது அதன் சூட்சுமம். நூல் இழை அறுந்தால் முடிச்சுப் போட மூன்று வருஷம் பயிற்சி!

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மில்லும் ஒரே மாதிரி இல்லை. ஒழுங்காகப் பணத்தை எண்ணிக் கொடுத்த மில்களும் உண்டு. மூன்று வருஷம் முடித்து, நகையோடு வீடு திரும்பிய பெண்களும் உண்டு. வயல்வேலையைவிட இது மேல் என்று சொன்னவர்களும் உண்டு. முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வருமானம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் நல்ல முதலாளி வாய்த்தால் நல்லது, இல்லாவிட்டால் தலைவிதி என்பது லாட்டரிச் சீட்டின் லட்சணம். உரிமைக்கு இலக்கணம் அதுவாக இருக்க முடியாது.

வெள்ளைக்காரக் கடைகளுக்கு இதெல்லாம் தெரியாதா?

தெரியும். தெரிந்ததால்தான் காகிதம் வந்தது. 1991ல் லீவைஸ் தன் சப்ளையர்களுக்கு ஒரு நடத்தை விதி போட்டது. அடுத்து நைக்கி. பிறகு வரிசையாக எல்லோரும். 1997ல் ‘எஸ்.ஏ. 8000’ என்று ஒரு சர்வதேசத் தரச் சான்றிதழே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய உழைப்பு கூடாது, சங்கம் வைக்கத் தடை கூடாது. அத்தனையும் நல்ல சொற்கள். திருப்பூர் கம்பெனிகளின் வரவேற்பறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சான்றிதழ்களும் ஃபிரேம் போட்டுத் தொங்கின. வருஷத்துக்கு ஓரிரு முறை ஆடிட்டர் வருவார். அதற்கு முன்பே கழிவறை பளபளக்கும். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குப் பாடம் நடக்கும். ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுப்பது பெரும்பாலும் ஆலை முதலாளிதான். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் எத்தனை மார்க் வரும்?

2011 மே மாதம் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் சுமங்கலித் திட்டம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பியப் பத்திரிகைகள் அலறின. பிராண்டுகள் கவலை தெரிவித்தன. அடுத்த வருஷம் செப்டம்பரில் கராச்சியில் ‘அலி என்டர்பிரைசஸ்’ என்ற ஆயத்த ஆடை ஆலை தீப்பிடித்து, 250 பேருக்கு மேல் கருகினார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை ‘எஸ்.ஏ. 8000’ வாங்கியிருந்தது. அதற்கடுத்த வருஷம் ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கிருந்த ஆலைகளிலும் ஆடிட்டர்கள் வந்து போயிருந்தார்கள்.

காகிதம் எப்போது வேலை செய்யும்? பதில் டெல்டாக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நொய்யல் ஆறு!

திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கும். நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும். காவிரி எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. சுத்திகரிக்கிறோம், சுத்திகரிக்கிறோம் என்று வருஷக்கணக்கில் வாக்குறுதிகள் வந்தன. நதி நிறம் மாறிக்கொண்டே இருந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், விடாமல் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை திருப்பூரில் மெய்யாகவே நடைமுறைக்கு வந்தது. மீறினால் மூடிவிடுவார்கள் என்று ஆனபிறகு, முடியாது என்று சொன்னதெல்லாம் முடிந்தது.

கடல் கடந்து இலங்கைக்கும் ஒரு நடை போய் வரலாம். உள்ளாடை என்றால் உலகம் முழுக்க மரியாதையாகப் பேசப்படுகிற தேசம் அது. 1987ல் அமலியன் சகோதரர்கள் மூவர் தொடங்கிய ‘மாஸ் ஹோல்டிங்ஸ்’, விக்டோரியாஸ் சீக்ரெட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் மாதிரி பெரிய பெயர்களுக்கு பிரா தைத்துக் கொடுத்து வளர்ந்தது. 2003ல் பெண் தொழிலாளர்களின் முன்னேற்றத்துக்கென்று தனித் திட்டம். 2006ல் அந்நாட்டு ஆடைத் தொழில் மொத்தமும் சேர்ந்து, ‘குற்ற உணர்வில்லாத ஆடை’ என்று உலகத்துக்கு விளம்பரம் செய்தது. 2008ல் துல்ஹிரியவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்காக ஒரு பசுமை ஆலை. உள்ளாடைக்கென்று கட்டப்பட்ட உலகின் முதல் பசுமைத் தொழிற்சாலை என்று கொண்டாடினார்கள். போர் ஓய்ந்தபின் கிளிநொச்சிக்கும் ஆலை போனது, தமிழ்ப் பெண்களுக்கு வேலை வந்தது.

நம் மில் ஹாஸ்டல்களை நினைத்துக்கொண்டு பார்த்தால் இது சொர்க்கம். ஆனால் அங்கேயும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி வேறு. காற்றோட்டம் சரி, வெளிச்சம் சரி, சம்பளம் ஜீவிக்கப் போதுமா? சங்கம் வைக்கலாமா? 2011 மே மாதம் ஓய்வூதிய மசோதா ஒன்றை எதிர்த்துக் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்துத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார். மசோதா வாபஸ் ஆனது. விளம்பரத்தில் எழுத முடியாத விஷயம் இது.

தாய்லாந்திலும் ஒரு கதை. 2021 மார்ச்சில் சமுத் பிராக்கானில் விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளிட்ட பிராண்டுகளுக்கு உள்ளாடை தைத்த ஆலை திடீரென்று மூடப்பட்டது. சுமார் 1,250 பேர் தெருவில். சட்டப்படி தரவேண்டிய இழப்பீடு வரவில்லை. பெண்கள் விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2022ல் விக்டோரியாஸ் சீக்ரெட் ஆலை முதலாளிக்குக் கடன் கொடுத்து உதவ, 83 லட்சம் டாலர் பட்டுவாடா ஆனது. தைத்தவர் யாரென்றே தெரியாது என்று பிராண்டுகள் கைகழுவிய காலம் மெல்ல முடிகிறது.

இனி, திண்டுக்கல்.

2021 ஜனவரி. திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தமான ‘நாச்சி அப்பேரல்’ ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். வழக்கமாக இப்படிப்பட்ட செய்தி இரண்டு நாள் பேப்பரில் வந்து மூன்றாம் நாள் காணாமல் போகும். இம்முறை அப்படி ஆகவில்லை. காரணம், அங்கே ஒரு சங்கம் இருந்தது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன். பெண்கள் நடத்துகிற, பெரும்பாலும் தலித் பெண்கள் இருக்கிற சங்கம். தலைவர் திவ்யராகினி. 1984ல் எந்த நம்பிக்கையில் பெண்களை மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தார்களோ, அது பொய்த்த இடம் இது.

மற்ற பெண்களும் வாய் திறந்தார்கள். கெட்ட வார்த்தை, தொடுதல், மிரட்டல். ‘புரொடக்‌ஷன் வரல’ என்ற ஒரே காரணத்தின் பின்னால் ஒளிந்திருந்த அத்தனையும் வெளியே வந்தது. விளைவு, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’. ஒரு பக்கம் சங்கமும் அதற்குத் துணை நின்ற சர்வதேச அமைப்புகளும். இன்னொரு பக்கம் ஈஸ்ட்மேன். கூடவே எச் அண்ட் எம். பின்னால் கேப் நிறுவனமும், உள்ளாடைக்குப் பேர்போன கால்வின் கிளெய்னின் சொந்தக்காரர்களான பி.வி.எச்சும் சேர்ந்துகொண்டன. ஆப்பிரிக்காவின் லெசோதோவில் 2019ல் ஜீன்ஸ் ஆலைகளுக்காகப் போட்ட ஒப்பந்தம் இதற்கு அக்கா.

என்ன புதுசு? சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் இது. ஆலை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைத்தாக வேண்டும். பணிக்கூடத்தில் 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கோட் போட்டு வருகிற ஆடிட்டர் இல்லை. தினமும் பக்கத்து மெஷினில் ஓவர்லாக் அடிக்கிற பெண். முதல் வருஷத்தில் 185 புகார்கள் வந்தன. அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. புகார் அதிகம் வந்ததே ஒரு நல்ல செய்தி. ஏனெனில், முன்பெல்லாம் பூஜ்யம் புகார் என்றுதான் ஆடிட் ரிப்போர்ட் சொல்லும்.

நடுவில் 2022 ஜூலைக் கடைசியில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சியின் சரக்குக்குத் தடை போட்டது. ஒப்பந்தம் போட்டு நடவடிக்கை எடுத்திருப்பதைக் காட்டி, ஆறு வாரத்துக்குள் தடை விலகியது. கவனியுங்கள். சங்கம் வந்தால் ஆலை மூடும் என்பது திருப்பூரின் பழைய பயம். இங்கே சங்கம் போட்ட ஒப்பந்தம்தான் ஆலைக்குப் பூட்டு விழாமல் காத்தது.

சுவாமிமலை முருகனுக்குத் தகப்பன்சாமி என்று ஒரு பெயர் உண்டு. பிள்ளை குருவாகி உட்கார்ந்து பிரணவத்துக்குப் பொருள் சொன்னான், அப்பன் கைகட்டி, வாய்பொத்திக் கேட்டான் என்பது புராணம். திண்டுக்கல்லில் இருபது வயசுப் பெண்கள் முதலாளிக்கும் சீமைக் கம்பெனிக்கும் பாடம் சொன்னார்கள். அவர்களும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே வித்தியாசம், அந்தப் பாடத்துக்கு முன்னால் ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் சுமார் ஐந்தாயிரம் பேர். தமிழ்நாட்டின் மில்களிலும் ஆலைகளிலும் இருப்பவர்கள் லட்சக்கணக்கில். மீதிப் பேருக்கு இன்னமும் லாட்டரிச் சீட்டுதான்.

சட்டம், சங்கம், கோர்ட் எல்லாம் அவரவர் வேலையைச் செய்யட்டும். நம் பங்குக்கு ஒரு சின்ன கணக்கு போடலாம். அடுத்த முறை ‘ரெண்டு வாங்கினா ரெண்டு ஃப்ரீ’ போர்டைப் பார்க்கும்போது, அந்த ஃப்ரீயை யார் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். கடைக்காரர் கொடுக்கவில்லை. பிராண்டும் கொடுக்கவில்லை. நாளொன்றுக்கு 32 ரூபாய் வீதம், யாரோ ஒரு பெண் மூன்று வருஷமாகக் கொடுத்தது அது.